வரிசை தவறாத புட்டிகள்

“ரொம்ப நல்லவன் எவனோ இதைத் தொட்டிருக்கான்” என்றார் மதாம் சோலாஞ்.

நான் குறிப்பேட்டைத் திறந்து, தேதியை இரண்டு முறை எழுதினேன்.

கிளெமான்ஸ் அம்மாளின் பாகுக் கொட்டகையில், கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தோம். ஜன்னலின் குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் விரல் நீளக் கண்ணாடிப் புட்டிகள் பத்தொன்பது. மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சி இறக்கும் ஒவ்வொரு நாளும் அன்றைய பாகில் ஒரு வாய் எடுத்துப் புட்டியில் ஊற்றி ஜன்னலில் வைப்பது எங்கள் போஸ் வட்டாரத்தில் எல்லாக் கொட்டகையிலும் உண்டு. இந்தக் கொட்டகையில் தேதியைப் புட்டியில் ஒட்டுவதில்லை. பாகு பட்டால் காகிதம் உரிந்துவிடும் என்று, பலகையிலேயே பென்சிலால் எழுதிவிடுவார்கள். இடது ஓரத்தில் மார்ச் பதினான்கு, வலது ஓரத்தில் ஏப்ரல் பதினொன்று. இடப்பக்கம் வைக்கோல் நிறத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, வலப்பக்கம் கடுங்காப்பியில் போய் முடிந்தது வரிசை.

“நல்லவன்னா?” என்று கேட்டேன்.

“எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாரு. ஒண்ணுகூட முன்ன பின்ன இல்ல.”

“ஒழுங்கா அடுக்குறது குத்தம்னா என் பொண்டாட்டிய முதல்ல பிடிச்சு உள்ள போடுங்க மதாம்.”

அவர் சிரிக்கவில்லை. மதாம் சோலாஞ் பூலேன் இருபது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பாகு தரம் பிரித்தவர். நாக்கு கெட்டுவிடும் என்று காலையில் காப்பி குடிக்க மாட்டார். தலைவரோடு சண்டை போட்டு வெளியே வந்த பிறகு துப்பறிவதுதான் தொழில். நான் மார்செலன். முன்பு பீப்பாய் லாரி ஓட்டினேன், இப்போது இவருக்கு வண்டி ஓட்டுகிறேன், குறிப்பெடுக்கிறேன். வாயடிப்பதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, அதை இலவசமாகச் செய்கிறேன்.

விஷயம் இதுதான். புதன்கிழமை பக்கத்துத் தோப்புக்காரர் ரொத்ரீக்கின் கொட்டகையில் ‘பொன்’ என்கிற வெளிர்ப் பாகு ஒரு பீப்பாய் காணவில்லை. வியாழக்கிழமை அவர் நாலு பேரையும் எங்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். கிளெமான்ஸின் பீப்பாய்களுக்கு நடுவில் ‘ஏப்ரல் 5, பொன்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதிய ஒன்று இருந்தது. ஏப்ரலில் ஏது பொன் என்று கேட்டார் ரொத்ரீக். ஜன்னலைக் காட்டினார். பலகையில் ஏப்ரல் ஐந்து என்று எழுதிய இடத்தில் நின்ற புட்டி கறுப்பாக இருந்தது. அன்றைக்கு இங்கே காய்ந்தது கறுப்பு என்றால், இந்தப் பொன் யாருடையது? என்னுடையதுதான் என்றார் அவர். பீப்பாயில் எழுதிய கை ஒனெஸீமுடையது. ஆகவே திருடன் ஒனெஸீம்.

ஒனெஸீம் இந்தக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாகப் பாகு காய்ச்சுகிறவன். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். கல்யாணம் கிடையாது, கொட்டகைக்குப் பின்னால் உள்ள அறைதான் வீடு. இன்று சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குக் கோயிலின் பங்குக் கூடத்தில் சங்கத்தின் ஐந்து பேர் உட்காரப் போகிறார்கள். திருடன் என்று அவர்கள் சொல்லிவிட்டால் போஸ் பக்கத்தில் எந்தக் கொட்டகையிலும் அவனை அடுப்புக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லி கிளெமான்ஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அவன் ஆறிப்போன கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். மதாம் அவன் எதிரில் போய் நின்றார்.

“வியாழக்கிழமை ஒரு வார்த்தை சொன்னீங்களே. புட்டி மாறியிருக்குன்னு.”

“சொன்னேன்.”

“எது மாறியிருக்கு?”

ஒனெஸீம் தலையைத் தூக்கினான். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “எல்லாமே” என்றான்.

“யாரு மாத்தினது?”

“நான் சொன்னா எடுபடாது மதாம்.”

வாசலில் நின்ற கிளெமான்ஸ் பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்தாள். எழுபது வயதுக்கு நல்ல குரல். “பாத்தீங்களா? மூணு நாளா இதே பதில். இருபத்திரண்டு வருஷம் என் மேசையில சாப்பிட்டவன். குத்தமில்லாதவன் இப்படியா வாயை மூடிட்டு உக்காருவான்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.”

ஒனெஸீமின் நெஞ்சு குறுகுறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. என் சட்டைக் காலர்தான் திடீரென்று இறுகியது. மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டேன்.

“மார்செலன், வண்டியை எடு” என்றார் மதாம். “இன்னும் நாலு ஜன்னல் பாக்கணும்.”

பனி உருகி, பாதை முழுக்கச் சேறு. வண்டி எருமை மாதிரி முக்கிக்கொண்டு போனது.

“ஏப்ரல்ல பாகு ஏன் கறுக்குது? சொல்லு.”

“மனுஷனே வயசானா கறுத்துப் போறான். பாகு மட்டும் என்ன மதாம்?”

“வெயில் ஏற ஏற மரத்து நீர்ல கிருமி பெருகும். அதைக் காய்ச்சினா நிறம் ஏறும், ருசியும் கனக்கும். மொத நீர்ல வர்றது பொன்னு, நாக்குல பட்டதும் ஓடிரும். அடுத்து அம்பர், அதுல வெண்ணெய் வாசம். அப்புறம் கறுப்பு, வறுத்த வாசம். கடைசில அட்டக்கறுப்பு, அதை கேக் பண்றவன்தான் கேட்டு வாங்குவான். மரம் மொட்டு விட்டிருச்சுன்னா வேகவச்ச முட்டைக்கோஸு. இதுல ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு கிடையாது. சங்கத்துக்காரனுக்குத்தான் பொன்னு மேல பைத்தியம்.”

“இதெல்லாம் எனக்குத் தெரியும். தரம் பிரிக்கிற பரீட்சையே எழுதியிருக்கேன்.”

“பெயிலானியே.”

“நாக்குலதான் பெயில். கண்ணுல பாஸ்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார்.

“கண்ணுல பாஸ் பண்ணவனே, இதைச் சொல்லு. மூணாம் தேதி, நாலாம் தேதி என்ன ஆச்சு?”

“பேய்க் குளிர். பூஜ்யத்துக்குப் பதினாலு டிகிரி கீழ போச்சு. என் வண்டி பேட்டரி செத்து, நீங்க பூசைக்கு நடந்து போய், திரும்பி வந்து என்னைத் திட்டினீங்க.”

“ரெண்டு நாள் ஒரு மரமும் சொட்டல. காய்ச்ச வேலையில்ல. அப்போ என்ன பண்ணுவாங்க?”

“கொப்பரையத் தேய்ச்சுக் கழுவுவாங்க.”

“குழாய்ல இருந்த கிருமியும் குளிர்ல அடங்கிரும். அஞ்சாம் தேதி வெயில் வந்து நீர் இறங்குது. சுத்தமான நீர், சுத்தமான கொப்பரை. பாகு எப்படி வரும்?”

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

ரொத்ரீக் தன் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, தொப்பை, கோபம், மூன்றும் அவருக்கு நன்றாகப் பொருந்தின.

“திருடன் ஒத்துக்கிட்டானா?”

“ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்” என்றார் மதாம். “காணாம போனது என்னிக்கிக் காய்ச்சினது?”

“மார்ச் இருபத்திரண்டு. அசல் பொன்னு. அதுக்கப்புறம் பொன்னு ஏது? என் அப்பா காலத்துலருந்து பாக்குறேன், மார்ச்சுல வெளுப்பு, ஏப்ரல்ல கறுப்பு.”

“உங்க ஜன்னலைக் கொஞ்சம் பாக்கலாமா?”

“தாராளமா. ஒளிக்க என்ன இருக்கு?”

அவர் ஜன்னலிலும் அதே மாதிரி பலகை, அதே மாதிரி பென்சில் எழுத்து. மதாம் இடமிருந்து வலமாக ஒவ்வொரு புட்டியாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். மார்ச் முழுக்கப் படிப்படியாகக் கறுத்துக்கொண்டே வந்தது. ஏப்ரல் இரண்டு நல்ல கறுப்பு. அதற்கடுத்து ஏப்ரல் ஐந்து. காலை வெயில் அதற்குள் புகுந்து பலகையில் மஞ்சளாக விழுந்திருந்தது.

“இது என்ன நிறம் ரொத்ரீக்?”

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“என் மரம் வடக்குச் சரிவுல நிக்குது.”

“மூணு, நாலாம் தேதிக் குளிர் உங்க வேலிக்குள்ள மட்டும் நின்னுச்சா?”

ரொத்ரீக், கோயிலில் இருக்கிற பாத்திரம், பண்டம் ஒன்று விடாமல் பெயர் சொல்லித் திட்டினார். எங்கள் ஊரில் கோபம் வந்தால் பீடத்துச் சாமான் எதுவும் தப்பாது. திட்டி முடித்ததும், “அப்போ என் பீப்பாய் எங்க?” என்றார். அதில் நியாயம் இருந்தது.

மதாம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பீப்பாய்கள். எதிர்ப்பக்கம் காலி.

“அந்தப் பக்கம் யாருது?”

“என் தம்பியோடது. செவ்வாய்க்கிழமை அவன் சரக்கை சங்கத்துக் கிடங்குக்கு ஏத்திட்டுப் போயிட்டான்.”

“நீங்க கூட நின்னீங்களா?”

“பல்லு டாக்டர்கிட்டப் போயிருந்தேன்.”

“உங்க போனை எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு மதாம் உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். யாரோடு பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

அதன் பிறகு இன்னும் மூன்று கொட்டகைகள். ஒன்றில் பாகில் வெந்த முட்டை கொடுத்தார்கள், ஒன்றில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், ஒன்றில் இரண்டும் நடந்தது. ஆனால் எல்லா ஜன்னலும் ஒரே கதையைச் சொன்னது. கறுத்து, கறுத்து, கறுத்து, ஏப்ரல் ஐந்தில் பளிச்சென்று ஒரு பொன், மறுபடி கறுத்து. ஊரில் இருக்கிற எல்லா வரிசையிலும் அந்த ஒரு கோணல் இருந்தது. கிளெமான்ஸ் வீட்டு வரிசையில் மட்டும் இல்லை.

“அதான் சொன்னேன்” என்றார் மதாம். “நல்லவன் தொட்டிருக்கான்.”

பன்னிரண்டரைக்குத் திரும்ப கிளெமான்ஸின் ஜன்னலுக்கு வந்தோம். மதாம் இந்த முறை புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். எல்லாம் சங்கத்தில் கொடுக்கிற ஒரே மாதிரிப் புட்டிகள். இடமிருந்து மூன்றாவது, மார்ச் பதினேழு என்ற இடத்தில் நின்றதைக் கையில் எடுத்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

“கிளெமான்ஸ் அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. அடியில ஒரு சிலுவை இருக்கு.”

கிளெமான்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “இது அன்னம்மாள் கோயில் தீர்த்தப் புட்டியாச்சே. என் தங்கச்சி கொண்டு வந்தா. தீர்த்தத்தை என் முட்டியில தேச்சுக்கிட்டேன். அன்னிக்குக் காலி புட்டி கழுவி வைக்கலன்னு ஒனெஸீம் வந்து கேட்டான், எடுத்துக்கோன்னு கொடுத்தேன்.”

“என்னிக்கு?”

“குருத்தோலை ஞாயிறு. அவ ஓலையோட வந்தா.”

“குருத்தோலை ஞாயிறு அஞ்சாம் தேதி. அன்னிக்கு இந்த வீட்டுக்கு வந்த புட்டி மார்ச் பதினேழுல எப்படி நிக்கும்?”

கிளெமான்ஸ் உட்கார்ந்துவிட்டாள். மதாம் பையிலிருந்து தன் சின்னக் கரண்டியை எடுத்து, புட்டியிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சண்டைக்குக் காரணமான அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு. கண்ணை மூடினார். “ஒரே தாய் வயிறு” என்றார்.

“அப்போ அவன் திருடல” என்றாள் கிளெமான்ஸ். அவள் குரல் பாதியாகிவிட்டது.

“நமக்குத் தெரியும். ஆனா இந்தக் கொட்டகைச் சாவி அவன்கிட்டயும் இருக்கு. நேத்து அவனே புட்டிய மாத்தி வச்சுட்டான்னு ரொத்ரீக் சொல்லுவார். சங்கத்துக்காரங்க தலையாட்டுவாங்க. கலைச்சது யாருன்னு தெரிஞ்சாத்தான் இவன் பேரு வெளுக்கும்.” மதாம் ஜன்னலுக்குத் திரும்பினார். “ஒனெஸீமைக் கெடுக்கணும்னு நெனச்சவன் அந்த ஒரு புட்டியை உடைச்சுட்டுப் போயிருப்பான். பத்தொன்பதையும் மெனக்கெட்டு அடுக்க மாட்டான். பட்டணத்து விருந்தாளி கலைச்சிருந்தா கன்னாபின்னான்னு வச்சிருப்பான், நாமளும் உடனே கண்டுபிடிச்சிருப்போம். இதை அடுக்கினவன் நம்ம ஊர்க்காரன். மார்ச்சுல வெளுப்பு, ஏப்ரல்ல கறுப்புன்னு தாய்ப்பாலோட குடிச்சவன். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் இருக்குற மயிரிழை வித்தியாசம் தெரிஞ்சவன். நல்ல கண்ணு. எதையோ தட்டிவிட்டுட்டு, யாரும் பாக்கறதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு நெனச்சிருக்கான். தெரியாதவன் செய்ய முடியாத தப்பு இது மார்செலன். தெரிஞ்சவன் மட்டும்தான் செய்வான்.”

என் வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

இனி மறைத்து என்ன பயன்? ஈஸ்டர் ஞாயிறு விருந்து இந்தக் கொட்டகையில்தான் நடந்தது. அறுபது பேர். நான் இரண்டு கரண்டிகளை முட்டியில் தட்டித் தாளம் போட்டபடி பெஞ்சு மேல் ஏறி ஆடினேன். ஊரே சிரித்தது. சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் ஆடினேன். பிறகு எல்லாரும் வெளியே, பனிமேல் பாகு ஊற்றித் தின்னப் போனார்கள். நான் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றினேன். முழங்கை பலகையில் பட்டது. பத்தொன்பது புட்டிகளும் கீழே குவிந்திருந்த கோட்டுகள்மேல் விழுந்தன. ஒன்றுகூட உடையவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வெளுப்பிலிருந்து கறுப்புக்கு அடுக்கினேன். நாலே நிமிடம். பரீட்சையில் பெயிலானவன் அன்றைக்குப் பாஸ் பண்ணிவிட்டதாக எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது.

வியாழக்கிழமை ரொத்ரீக் அந்த ஜன்னலைக் காட்டியபோது மதாமோடு நானும் இங்கேதான் நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆறு பேர் நின்றார்கள், மதாம் நின்றார், சாட்சியத்தைக் கெடுத்தவன் துப்பறிகிறவரின் ஆள் என்றால் ஊர் காறித் துப்பும் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை, மரியாதைக்குரிய கோழை நான், இன்னொரு நாள் தள்ளினேன். எப்படியும் அது வெளுப்பிலிருந்து கறுப்புக்குத்தானே இருந்திருக்கும், நான் என்ன கெடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அந்த வக்கீல் இன்று காலை ரொத்ரீக்கின் ஜன்னலில் தோற்றுப் போனான்.

இரண்டு மணிக்குப் பங்குக் கூடத்தில் ஐந்து பேரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. ஒனெஸீம் முன்வரிசையில் தனியாக இருந்தான், அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. மதாம் எழுந்து குளிரைச் சொன்னார், ஊர் ஜன்னல்களைச் சொன்னார், தீர்த்தப் புட்டியைக் காட்டினார். அவர் கணக்குப் போட்ட மாதிரியே ரொத்ரீக் எழுந்தார்.

“சாவி அவன்கிட்ட இருக்கு. ராத்திரியோட ராத்திரியா மாத்தி வச்சிருப்பான்.”

சங்கத் தலைவர் தாடையைச் சொறிந்தார். “மதாம், புட்டி இடம் மாறினது சரி. மாத்தினது யாரு?”

மதாம் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர்க் குவளையை எடுத்து நிதானமாகக் குடித்தார். ஒனெஸீமின் பிடரி எனக்கு நேர் எதிரே இருந்தது. கூட்டத்துக்கென்று முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான்.

நான் எழுந்தேன்.

“நான்தான்” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். மார்செலன் ஏதோ வேடிக்கை காட்டப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நிற்பது போதும் போதுமென்றாகிவிட்டது.

“ஈஸ்டர் அன்னிக்கி ஆடும்போது முழங்கை பட்டு எல்லாம் விழுந்துருச்சு. நான்தான் அடுக்கினேன். வெளுப்பு முதல்ல, கறுப்பு கடைசில. அப்படித்தான் இருந்திருக்கும்னு நிச்சயமா நம்பினேன். அஞ்சாம் தேதியில நின்ன கறுப்பு நான் வச்சது. அவன் வச்சது இந்தத் தீர்த்தப் புட்டி.”

“வியாழக்கிழமையே ஏன் சொல்லலை?” என்றார் தலைவர்.

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

மதாம் பையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். “சங்கத்துக் கிடங்குல இருந்து பதில். ரொத்ரீக்கோட பீப்பாய், மார்ச் இருபத்திரண்டு, பொன்னு, அவர் தம்பி சரக்கோட தெரியாம சேந்து தம்பி பேர்ல பத்திரமா இருக்கு.”

கூடம் பூராவும் ரொத்ரீக்கைத் திரும்பிப் பார்த்தது. அவர் தம்பி, தரையில் காசு தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டான். யாரும் எதையும் திருடவில்லை. அந்த விவகாரத்திலேயே தெரிந்து மறைத்தவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்ததும் மதாமிடம் கேட்டேன். “அந்தக் காகிதம் எப்போ வந்துச்சு?”

“ஒரு மணிக்கு.”

“அப்போ நான் எழுந்திருக்கலன்னாலும் நீங்க அவனைக் காப்பாத்தியிருப்பீங்க.”

“அவனைக் காப்பாத்தியிருப்பேன்” என்றார். “திங்கக்கிழமை வேலைக்கு வா. கரண்டியெல்லாம் வீட்டுல வச்சுட்டு வா.”

கூடத்துப் படியில் கிளெமான்ஸ் ஒனெஸீமின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வாடா, வீட்டுக்குப் போகலாம். பட்டாணி சூப் அடுப்புல இருக்கு.”

“பையக் கட்டிட்டேன் அம்மா.”

“கட்டினதை அவுக்க எவ்வளவு நேரமாகும்?”

“நீங்க புட்டியப் பாத்தீங்க. என் மூஞ்சியப் பாக்கல.” அவன் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். “அடுத்த மார்ச்சுக்கு வேற ஆளு பாத்துக்குங்க.”

கிளெமான்ஸ் அங்கேயே அழுதாள். அவன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான், ஆனால் முடிவை மாற்றவில்லை. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றான். நாற்பது கிலோமீட்டர். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் படியோரம் வைத்திருந்த இரண்டு பைகளையும் வண்டியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

பாதித் தூரம் போனதும் நான்தான் தாங்க முடியாமல், “மன்னிச்சிரு ஒனெஸீம்” என்றேன்.

“மூணாவது எடத்துல வச்சப்போ ஒரு தடவை யோசிச்சே” என்றான். “எடுத்து, ரெண்டாவதுல வச்சுப் பாத்து, மறுபடி மூணாவதுலயே வச்சே.”

வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

“நீ பாத்தியா?”

“விறகு எடுத்துட்டு உள்ள வந்தேன். வாசல்ல நின்னேன். ஊரே உன்னால சிரிச்சிட்டிருந்துச்சு, நாம போய் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன். திங்கள்லருந்து காட்டுல குழாய் கழுவுற வேலை, மறந்துட்டேன்.”

“வியாழக்கிழமை என் பேரைச் சொல்லியிருக்கலாமே. எத்தனை தடவை கேட்டாங்க.”

“திருடன் சொல்ற பேருக்கு என்ன மதிப்பு? தப்பிக்கறதுக்கு உன்னை மாட்டி விடுறான்னு சொல்லியிருப்பாங்க. நீ எதுத்தாப்புலதான் நின்னே.” கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். “நீயே சொல்லுவன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையும் நெனச்சேன்.”

பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அவன் அக்கா ஈவெட் வாசலிலேயே காத்திருந்தார். வண்டி நின்றதும் தம்பியைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஈரமான கைகள், மாவு ஒட்டியிருந்தது.

“நீங்கதானே மார்செலன்? கிளெமான்ஸ் போன் பண்ணி எல்லாம் சொன்னாங்க. அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு உண்மையச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? என் தம்பி மானத்தைக் காப்பாத்திட்டீங்க. உள்ள வாங்க, சாப்பிடாம அனுப்ப மாட்டேன்.”

நான் ஒனெஸீமைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று நாள் மறைத்தான் என்று சொன்னால் போதும். அவன் குனிந்து சேற்று பூட்ஸைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தான், உள்ளே போய் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ், பன்றித் தொடைக்கறி, ஊறவைத்த பீட்ரூட். ஈவெட் என் தட்டில் குவித்தார். ஒனெஸீம் ரொட்டியை என் பக்கம் தள்ளினான்.

“சாப்பிடு, ஆறிப்போயிரும்” என்றான்.

சாப்பிட்டேன். ஈவெட் இன்னும் ஒரு கரண்டி போட்டார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.